சத்யம் மோசடி: நியூயார்க்கில் வாங்கியவருக்கு இழப்பீடு, மும்பையில் வாங்கியவருக்கு ஏன் இல்லை?

நொய்யல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் சிறு முதலீட்டாளர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, ஏதேனும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைச் சேர்ந்து படித்து வருகிறோம். இம்முறை சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் விவகாரத்தை எடுத்துக்கொண்டு, 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தை முழுமையாக வாசித்தோம். ஐந்தொகையில் (சொத்து, கடன் விவரங்களைக் காட்டும் அறிக்கையில்) ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டியிருந்த 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி வெறும் எழுத்து என்றும், இல்லாத வைப்புத் தொகைக்கு 376 கோடி ரூபாய் வட்டி காட்டப்பட்டது என்றும், 1,230 கோடி ரூபாய்க் கடன் கணக்கில் வராமல் மறைக்கப்பட்டது என்றும், வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டிய தொகையில் 490 கோடி கூட்டிக் காட்டப்பட்டது என்றும் அவரே அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்று ஒரே நாளில் பங்கின் விலை முக்கால் பங்குக்கும் மேல் சரிந்தது.

எங்களை உறுத்தியது அதற்குப் பிறகு நடந்ததுதான். நியூயார்க் பங்குச் சந்தையில் சத்யத்தின் ஏடிஆர் பத்திரங்களை (வெளிநாட்டு நிறுவனப் பங்குக்கு ஈடாக அமெரிக்காவில் விற்கப்படும் பத்திரங்களை) வாங்கியவர்கள், பாதிக்கப்பட்ட அனைவர் சார்பிலும் சேர்ந்து தொடுத்த கூட்டு வழக்கில், நிறுவனம் 12.5 கோடி டாலரும், தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் தரப்பு 2.55 கோடி டாலரும் தருவதாக 2011-இல் சமரசம் செய்துகொண்டன. அதே நிறுவனத்தின் பங்கை, அதே பொய்க் கணக்கை நம்பி, மும்பைச் சந்தையில் வாங்கிய நம் நாட்டுச் சிறு முதலீட்டாளருக்கு அப்படி ஒரு தொகை எந்த நீதிமன்றத்தின் வழியாகவும் கிடைக்கவில்லை. இந்த வேறுபாடு எதனால் வந்தது? இன்று இன்னொரு நிறுவனத்தில் இப்படி நடந்தால், அந்நிறுவனத்தை மட்டுமன்றி, கணக்குக்குச் சான்று கொடுத்த தணிக்கையாளரையும், மோசடிக்குத் துணைபோன வங்கி ஏதேனும் இருந்தால் அதையும் நாம் வழக்கில் இழுக்க முடியுமா? சட்டமும் கணக்கியலும் அறிந்தவர்கள் விளக்கினால் அடுத்த கூட்டத்தில் பகிர்ந்துகொள்வேன்.

---

சட்டப்படி எழுதியது:

நல்ல கேள்வி, ஐயா. நிறுவனச் சட்ட வழக்குகளை நடத்துபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் சொந்த வழக்குக்கான ஆலோசனையாக இதைக் கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவில் கூட்டு வழக்கு சாத்தியமாவதற்கு அடிப்படை 1988-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பேசிக் எதிர் லெவின்சன் வழக்கில் ஏற்றுக்கொண்ட ஓர் அனுமானம். நன்கு இயங்கும் சந்தையில் ஒரு நிறுவனம் பொதுவெளியில் சொல்லும் பொய் பங்கின் விலையிலேயே ஏறிவிடுகிறது. ஆகவே அந்த விலையை நம்பி வாங்கியவர், ஆண்டறிக்கையைத் திறந்தே பார்க்காதவராக இருந்தாலும், பொய்யை நம்பி ஏமாந்தவராகவே முதலில் கருதப்படுவார். இந்த அனுமானம் இல்லையென்றால் பல்லாயிரம் பேர் தனித்தனியே வந்து, நான் இன்ன பக்கத்தைப் படித்து ஏமாந்தேன் என்று சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். வழக்கு நகரவே நகராது. இதோடு, வென்றால் மட்டுமே ஊதியம் என்ற ஒப்பந்தத்தில் அங்கே வழக்குரைஞர்கள் வேலை செய்யலாம். இங்கே அது தொழில் விதிகளின்படி தடைசெய்யப்பட்டது.

அப்படியானால் மும்பையில் வாங்கியவர் நியூயார்க் சென்று வழக்காடியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். சத்யம் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2010 ஜூன் மாதம், மாரிசன் எதிர் நேஷனல் ஆஸ்திரேலியா வங்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. அமெரிக்கச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பத்திரங்களையோ, அமெரிக்க மண்ணில் நடந்த வர்த்தகத்தையோ தவிர மற்றவற்றுக்கு அந்நாட்டுப் பத்திரச் சட்டத்தின் மோசடிப் பிரிவு பொருந்தாது என்பது அத்தீர்ப்பு.

இந்தியாவில் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. மைடாஸ் டச் முதலீட்டாளர் சங்கம் 4,987 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டுத் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குச் சென்றது. இதை விசாரிக்கும் இடம் இதுவன்று என்று ஆணையம் திருப்பி அனுப்பியது. உச்ச நீதிமன்றமும் 2009-இல் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால், கோரும் தொகைக்கேற்ற நீதிமன்றக் கட்டணம், பல ஆண்டுக் காத்திருப்பு, பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் அதிகாரத்துக்குட்பட்ட விஷயங்களில் உரிமையியல் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்ற செபி சட்டத்தின் தடை எல்லாம் வரிசையாக எதிரே நிற்கும். நூறு பங்கு வைத்திருந்த ஓய்வூதியர் எவரால் இதைத் தாண்ட முடியும்?

அந்தக் குறையைப் போக்கத்தான் 2013 நிறுவனச் சட்டத்தில் 245-ஆம் பிரிவு வந்தது; அது நடைமுறைக்கு வர 2016 ஜூன் 1 ஆயிற்று. உறுப்பினர்களோ வைப்புதாரர்களோ ஒன்றுசேர்ந்து தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகி, நிறுவனம், இயக்குநர்கள், தணிக்கையாளர் ஆகியோரிடம் இழப்பீடு கேட்கலாம். தணிக்கையாளர் என்னும்போது கையொப்பமிட்ட தனிநபர் மட்டுமல்ல, தணிக்கை நிறுவனமும் பொறுப்பு என்று பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தவறான அறிக்கை தந்த வல்லுநரும் ஆலோசகரும்கூட அதில் அடங்குவர். ஆனால் இதே பிரிவு வங்கி நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று ஒரு துணைப்பிரிவும் இருக்கிறது. வங்கியின் சொந்தப் பங்குதாரர் வங்கிக்கு எதிராக இப்பிரிவில் வர முடியாது என்பது நிச்சயம். வேறொரு நிறுவனத்தின் மோசடிக்குத் துணைபோன வங்கியை, ஆலோசகர் என்ற முறையில் இழுக்கலாமா என்பது வாதாட இடமுள்ள கேள்வி. வங்கித் தரப்பு முதல் நாளே இந்தத் துணைப்பிரிவை நீட்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

---

பேரேடு எழுதியது:

நான் பட்டயக் கணக்காளர். மேலே ‘சட்டப்படி’ என்ற பெயரில் எழுதியவர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. தணிக்கைப் பக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

5,000 கோடி ரூபாய் வங்கியில் இருக்கிறதா இல்லையா என்று கண்டறிவது தணிக்கையில் கடினமான வேலை அன்று. சரக்கிருப்பின் மதிப்பு, வராக் கடனுக்கான ஒதுக்கீடு போன்றவற்றில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. வங்கி இருப்பில் அப்படி எதுவும் கிடையாது. தணிக்கையாளர் வங்கிக் கிளைக்கு உறுதிக் கடிதம் கேட்டு எழுத வேண்டும். அக்கடிதத்தைத் தாமே அஞ்சலில் சேர்க்க வேண்டும். பதில் தம் அலுவலக முகவரிக்கே நேராக வந்து சேர வேண்டும். பயிற்சிக்கு வரும் மாணவருக்கு முதல் ஆண்டிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவோம். கடிதத்தை வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவில் கொடுத்து, நீங்களே வாங்கி வைத்துவிடுங்கள், திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்ன கணத்திலேயே அந்தச் சான்றுக்கு மதிப்பில்லாமல் போய்விடுகிறது. வருகிற தாள் வங்கியில் அச்சானதா, அடுத்த அறையில் அச்சானதா என்று யாராலும் சொல்ல முடியாது.

2011 ஏப்ரலில் அமெரிக்கப் பத்திரச் சந்தை ஆணையம் பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள் மீது பிறப்பித்த ஆணை இதைத்தான் சொல்கிறது: உறுதிக் கடிதங்களை அனுப்புவதையும் பெறுவதையும் தணிக்கைக் குழு வாடிக்கையாளரிடமே விட்டுவிட்டது, வந்த பதில்களை ஐயுற்றுப் பார்க்கவில்லை, இது சத்யத்தோடு நிற்காத ஒரு வழக்கமாகவே இருந்தது. அந்த ஆணையத்துக்கு 60 லட்சம் டாலர், தணிக்கை நிறுவனங்களைக் கண்காணிக்கும் வாரியத்துக்கு 15 லட்சம் டாலர் என அபராதம் செலுத்தப்பட்டது. போலி வைப்புச் சீட்டுகள் மட்டுமல்ல, சத்யத்தின் கணினியில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி விலைப்பட்டியல்களும் இருந்ததாக சிபிஐ கண்டறிந்தது. இங்கே வங்கிகள் உடந்தை என்பதைவிட, வங்கிகளின் பெயர் திருடப்பட்டது என்பதே பொருந்தும்.

இந்தியாவில் தண்டனை வராமல் இல்லை. 2015 ஏப்ரல் 9 அன்று ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அவர்களில் இருவர் தணிக்கை நிறுவனத்தின் கூட்டாளிகள். மேல்முறையீடு நிலுவையில் இருக்க அடுத்த மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு அவர்கள் பிணையில் வந்தார்கள். 2018 ஜனவரியில் செபி, பட்டியலிட்ட நிறுவனங்களைத் தணிக்கை செய்யப் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் குழுமத்துக்கு ஈராண்டுத் தடை விதித்தது. 2019 செப்டம்பரில் பத்திர மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தடையை நீக்கி, ஏறத்தாழ 13 கோடி ரூபாயைத் திரும்பச் செலுத்தும் பகுதியை மட்டும் நிலைநிறுத்தியது. இத்தனை ஆணைகளையும் அடுக்கிப் பார்த்தாலும் முதலீட்டாளரின் கைக்குப் போய்ச் சேரும் தொகை என்று ஒன்று இல்லை.

நொய்யல்வாசி அவர்கள் கூட்டத்தில் எழுப்ப வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த 12.5 கோடி டாலரை யார் கொடுத்தார்கள்? ராஜு குடும்பம் கொடுக்கவில்லை. 2009 ஏப்ரலில் டெக் மஹிந்திரா வென்றெடுத்த பிறகு மஹிந்திரா சத்யம் என்று பெயர் மாறியிருந்த அதே நிறுவனம் தன் கஜானாவிலிருந்து கொடுத்தது. நிறுவனத்தின் பணம் என்றால் அதன் பங்குதாரர்களின் பணம். சரிவில் பங்கை விற்காமல் வைத்திருந்த இந்தியச் சிறு முதலீட்டாளர் ஒருமுறை விலையில் இழந்தார். பிறகு நியூயார்க் முதலீட்டாளரின் இழப்பீட்டிலும் தம் பங்குக்குச் சுமந்தார். சத்யத்தில் முதலீடு செய்து, லண்டன் நீதிமன்றத்துக்குச் சென்ற அபெர்டீன் முதலீட்டு நிதியங்களுக்கு 2012-இல் ஒப்புக்கொண்ட சுமார் 6.8 கோடி டாலரும் அதே கஜானாவிலிருந்துதான். வெளியிலிருந்து வந்த பணம் என்று சொல்லத்தக்கது தணிக்கையாளர் தந்த 2.55 கோடி டாலர் மட்டுமே. தணிக்கையாளரையும் வங்கியையும் வழக்கில் சேர்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

---

நொய்யல்வாசி எழுதியது:

பேரேடு அவர்களின் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தால் ஒரு பங்குதாரரின் சட்டைப்பையிலிருந்து எடுத்து இன்னொரு பங்குதாரரிடம் கொடுப்பதாகவே முடியும் என்பதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. அப்படியானால், பணவசதி உள்ள வெளியாரிடமிருந்து, குறிப்பாக வங்கிகளிடமிருந்து, முதலீட்டாளர்கள் உண்மையிலேயே பெரும் தொகையைப் பெற்ற வழக்கு ஏதேனும் உண்டா? அந்த வங்கிகள் செய்தது என்ன?

---

ஹூஸ்டன் தமிழன் எழுதியது:

உண்டு, அது நான் வசிக்கும் ஊரில் நடந்தது. என்ரான் என்ற எரிசக்தி நிறுவனம் 2001 டிசம்பரில் திவாலானது. முதலீட்டாளர்களின் கூட்டு வழக்கை முன்னின்று நடத்தியது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு. ஓய்வூதிய நிதியை என்ரானில் போட்டு இழந்தவர்கள் அவர்கள். மொத்தச் சமரசத் தொகை ஏறத்தாழ 720 கோடி டாலர். அதில் கனடாவின் சிஐபிசி வங்கி 240 கோடி, ஜேபி மார்கன் சேஸ் 220 கோடி, சிட்டிகுரூப் 200 கோடி டாலர் கொடுத்தன. திவாலான என்ரானிடம் வாங்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சனோ ஆவணங்களை அழித்த வழக்கில் 2002-இல் தண்டிக்கப்பட்டுச் சிதறிப்போயிருந்தது. 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ஒருமனதாக ரத்து செய்தபோது காப்பாற்றுவதற்கு நிறுவனமே இல்லை. ஆகவே ஆண்டர்சனின் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து கிடைத்தது 7.25 கோடி டாலர்தான்.

வங்கிகள் செய்தது என்ன என்று கேட்டீர்கள். இரண்டு ஏற்பாடுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, முன்பண ஒப்பந்தம். ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சித் தீவில் மஹோனியா என்றொரு நிறுவனம் இருந்தது. எதிர்காலத்தில் எரிவாயு தருவதாகச் சொல்லி என்ரான் மஹோனியாவிடம் இன்றே பணத்தை வாங்கிக்கொள்ளும். மஹோனியாவுக்கு அந்தப் பணத்தைத் தந்தது சேஸ் வங்கி. அதே எரிவாயு வங்கியின் வழியாகச் சுற்றி என்ரானுக்கே திரும்பி வரும்படி மறு ஒப்பந்தங்கள் போடப்பட்டிருக்கும். எரிவாயுவைப் பொறுத்தவரை யாருக்கும் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மிஞ்சியது, இன்று வாங்கிய தொகையை வட்டியுடன் பின்னாளில் திருப்பித் தரும் கடமை மட்டுமே. உலகம் முழுவதும் இதற்குக் கடன் என்று பெயர். என்ரான் அதை வியாபாரத்தில் வந்த ரொக்கமாக எழுதிக்கொண்டது. லாபத்தை ஐயுறும் ஆய்வாளர் முதலில் புரட்டிப் பார்ப்பது ரொக்க ஓட்ட அறிக்கையைத்தான் என்பதால், இந்தப் பொய்யின் கொடுமை பெரிது.

இரண்டாவது, நைஜீரியக் கடற்கரையோரம் நின்ற மின் உற்பத்திப் படகுகள். 1999 டிசம்பரில், ஆண்டுக் கணக்கு முடியும் தறுவாயில், என்ரான் அவற்றிலுள்ள தன் பங்கை மெரில் லிஞ்ச் என்ற முதலீட்டு வங்கிக்கு விற்றதாகக் காட்டி ஏறத்தாழ 1.2 கோடி டாலர் லாபம் எழுதியது. ஆறு மாதத்துக்குள் குறித்த ஆதாயத்தோடு உங்களை விடுவித்துவிடுவோம் என்ற வாய்மொழி உறுதி அதன் பின்னால் இருந்ததாக அமெரிக்கப் பத்திரச் சந்தை ஆணையம் குற்றம்சாட்டியது. சொன்னபடியே அடுத்த ஆண்டு ஜூனில், என்ரானின் நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ நடத்திய எல்ஜேஎம்2 என்ற நிதியம் அதை வாங்கிக்கொண்டது.

ஆனால் இந்த மெரில் லிஞ்ச் கூட்டு வழக்கில் எதுவும் கொடுக்காமலே தப்பியது. துணைபோனவர் மீது தனியார் வழக்குத் தொடுக்க முடியாது என்று 1994-இலேயே சென்ட்ரல் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பொய்யைச் சந்தைக்குச் சொன்னது என்ரான்தான், வங்கிகள் அதற்கான பரிவர்த்தனையில் மட்டுமே பங்கேற்றன என்ற வாதத்தை 2007 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்று, மெரில் லிஞ்ச், கிரெடிட் சுவிஸ், பார்க்லேஸ் மீதான கூட்டு வழக்கைக் கலைத்தது. 2008 ஜனவரியில் ஸ்டோன்ரிட்ஜ் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் அதே வழியில் சென்றது. முன்னரே சமரசம் செய்த வங்கிகள் 600 கோடி டாலருக்கு மேல் கொடுத்தன. அசையாமல் நின்றவை ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரே ஏமாற்றில் கைகொடுத்தவர்களுக்கு இப்படி இருவேறு முடிவு வந்ததை என்னால் இன்றும் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

கணக்கு மோசடியில் சிக்கிய வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வழக்கு வேறு விதமாக முடிந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே சிட்டிகுரூப்பும் ஜேபி மார்கனும் அந்நிறுவனத்தின் கடன் பத்திரங்களை 2000, 2001 ஆண்டுகளில் பொதுமக்களுக்கு விற்றுக்கொடுத்த வங்கிகள். வெளியீட்டு ஆவணத்தில் பொய் இருந்தால், தக்க விசாரணை செய்ததாக நிரூபிக்கும் பொறுப்பு 1933-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுடையது. உடந்தையாக இருந்தார்கள் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. சிட்டிகுரூப் ஏறத்தாழ 258 கோடி, ஜேபி மார்கன் 200 கோடி டாலர் கொடுத்தன. பன்னிரண்டு முன்னாள் இயக்குநர்கள் காப்பீட்டை மட்டும் நம்பாமல், தங்கள் சொந்தப் பணத்திலிருந்து சுமார் 2.5 கோடி டாலர் தர வேண்டியிருந்தது. வழக்கை நடத்திய நியூயார்க் மாநில ஓய்வூதிய நிதி இந்த நிபந்தனையில் உறுதியாக நின்றது.

---

சட்டப்படி எழுதியது:

ஹூஸ்டன் தமிழன் சொன்ன வேர்ல்ட்காம் வேறுபாடு நம் சட்டத்திலும் ஓரளவு இருக்கிறது. புதிய பங்கு வெளியீட்டின் தகவல் அறிக்கையில் பொய் இருந்தால், 2013 சட்டத்தின் 35, 37-ஆம் பிரிவுகளில் பாதிக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடுக்கலாம். ஏற்கெனவே சந்தையில் புழங்கும் பங்கை வாங்கியவர்களுக்குத்தான் நம்மிடம் வழி குறுகல். அவர்களுக்கு உள்ளது 245-ஆம் பிரிவு; அதுவும் நிறுவனத்தின் விவகாரங்கள் கேடான முறையில் நடத்தப்பட்டு வருகின்றன என்று நிகழ்காலத்தில் எழுதப்பட்டிருப்பதால், முடிந்துபோன மோசடிக்கு அது பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். சத்யத்தில் அரசு சில நாட்களிலேயே பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துப் புதியவர்களை நியமித்ததை நினைத்துப் பாருங்கள். அப்படி நிர்வாகம் மாறிய பிறகு வழக்குக்கு வருபவர் முதலில் இந்த வாதத்தைக் கடக்க வேண்டும். சந்தையில் பரவிய பொய் விலையில் ஏறிவிடும் என்ற அனுமானத்தையும், துணைபோன வங்கியின் பொறுப்பையும் சட்டத்திலேயே எழுதிவைத்தால் ஒழிய இந்த இடைவெளி நிரம்பாது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் கூட்டத்துக்குப் பயன்படும் சில நடைமுறை விவரங்கள். 2019 மே மாத விதிகளின்படி, பட்டியலிட்ட நிறுவனத்தில் நூறு உறுப்பினர்களோ, மொத்த உறுப்பினர்களில் 5 சதவீதமோ, இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்தால் மனு செய்யலாம். பங்கு மூலதனத்தில் 2 சதவீதம் கையில் இருந்தாலும் போதும். மனு வீண் வழக்கு என்று தீர்ப்பாயம் கருதினால் ஒரு லட்ச ரூபாய் வரை செலவுத்தொகை விதிக்கலாம் என்பதால், நூறு பேரும் தெரிந்தே கையொப்பமிட வேண்டும். வழக்குச் செலவை முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியிலிருந்து ஈடுசெய்யத் தீர்ப்பாயம் அனுமதி தர 125-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. அதை மனுவிலேயே கேட்டுவிடுங்கள். மோசடி வழக்கில் கால வரம்பு பொதுவாக அது தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடும். தரகர் கொடுத்த ஒப்பந்தக் குறிப்புகளையும், வாங்கிய நாளில் நடப்பில் இருந்த ஆண்டறிக்கையின் பிரதியையும், தணிக்கையாளர் இடையில் பதவி விலகியிருந்தால் அதுகுறித்துப் பங்குச் சந்தைக்குத் தெரிவிக்கப்பட்ட கடிதத்தையும் ஒவ்வொருவரும் தனித்தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.